மனச்சோர்வு ரத்தத்தில் தெரியுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்களுக்குக் கோத்தகிரி பக்கம். வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கர், வயது 47. ஆறு மாதமாக ஆளே மாறிப்போய்விட்டார். ராத்திரி மூணு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். சாப்பாடு பாதியாகிவிட்டது, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டோம். இலை வாசனையே பிடிபடவில்லை என்று சொல்லி ஒன்றரை மாதமாக வேலைக்கும் போகவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பி, ரத்தத்திலேயே டிப்ரஷனைக் கண்டுபிடிக்கும் பேக்கேஜ் இருக்கிறது என்று போனில் பார்த்து, ஏழாயிரத்துச் சொச்சம் கட்டி, வீட்டுக்கே ஆள் வரவழைத்து ரத்தம் எடுக்க வைத்தான். ரிப்போர்ட்டில் செரட்டோனின், கார்ட்டிசால், பி12 எல்லாம் நார்மல். சி.ஆர்.பி. 5.8, வைட்டமின் டி 14 என்ற இரண்டு மட்டும் சிவப்பில் இருக்கின்றன. மாமியார், ‘ரத்தத்துல ஒண்ணுமில்லைன்னு எழுதியே குடுத்துட்டாங்க, வேலைக்குப் போக உடம்பு வணங்கல’ என்கிறார். தம்பியோ, சி.ஆர்.பி.தான் நோய், அதைக் குறைத்தால் சரியாகிவிடும் என்கிறான். இவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ‘அப்ப எனக்கு நோயில்ல, நான்தான் சரியில்ல’ என்றார். யார் சொல்வது சரி? இன்னும் ஏதாவது டெஸ்ட் எடுக்க வேண்டுமா? நேற்று, ‘நான் இல்லாட்டி நீங்க எல்லாம் நிம்மதியா இருப்பீங்க’ என்றும் சொன்னார்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசி வரியை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ரத்தம் இரண்டு நாள் காத்திருக்கும், இது காத்திருக்காது.

இன்றைக்கே, பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவரிடம் நேராகக் கேளுங்கள்: ‘செத்துப்போயிடலாம்னு தோணுதா?’ இப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிட்டது போலாகுமோ என்று எல்லா வீட்டிலும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. பல பேர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தது போல ‘ஆமா’ என்று சொல்லி அழுதுவிடுவார்கள். ‘ஆமா’ என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள். ராத்திரி என்றால் 14416-க்குப் போன் போடுங்கள். அது டெலி-மானஸ், 2022-இல் அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நம் மாநிலத்தின் 104-உம் இருக்கிறது.

இன்னொன்று. தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருக்கிறதா? கோத்தகிரி பக்கம் கால் ஏக்கர் தேயிலையோ இரண்டு பாத்தி பீன்ஸோ இல்லாத வீடு குறைவு. படிக்கட்டுக்கு அடியில் மருந்து டப்பா இல்லாத வீடும் குறைவு. அதை இன்றே எடுத்து வேறொரு வீட்டில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். இது சும்மா சொல்கிற ஜாக்கிரதை வார்த்தை இல்லை. சென்னை மனநல மருத்துவர் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவரது குழுவினரும் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில், விவசாயிகளின் மருந்தையெல்லாம் ஊர்ப் பொது அறையில் தனித்தனிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். அங்கே மருந்து குடிக்கும் முயற்சிகள் குறைந்தன. சாகத் தோன்றும் அந்த வேகம் பல பேருக்குச் சில நிமிடங்கள்தான் இருக்கும். அந்த நிமிடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இதைச் செய்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். மனச்சோர்வு இருக்கிறது, இல்லை என்று தீர்த்துச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்று உலகத்தில் எங்கேயும் கிடையாது. கோயம்புத்தூரில் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. அதனால் உங்கள் மாமியார் சொன்னதும் தவறு, தம்பி சொன்னதும் தவறு. ஒருவர் நார்மலைப் பிடித்துக்கொண்டார், இன்னொருவர் சிவப்பைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அந்தக் காகிதத்திடம் அதற்குத் தெரியாத ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள்.

அப்படியொரு பரிசோதனைக்கு ஆசைப்படாத மனநல மருத்துவர் யாரும் இல்லை, நான் உட்பட. சர்க்கரைக்கு எண் இருக்கிறது, கொழுப்புக்கு எண் இருக்கிறது, நமக்கு மட்டும் வாய்ப்பேச்சுதானா என்ற குறை எங்களுக்கு நெடுநாளாக உண்டு. 1981-இல் பெர்னார்ட் கரோல் என்ற மருத்துவர் குழுவின் ஆய்வு வெளிவந்தபோது அந்தக் குறை தீர்ந்துவிட்டதாகவே பலர் நினைத்தார்கள். இரவு 11 மணிக்கு ஒரு மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை. மறுநாள் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் அளவு. சாதாரண உடம்பில் அந்த மாத்திரைக்குக் கார்ட்டிசால் அடங்கிவிடும். கடுமையான மனச்சோர்வில் பலருக்கு அடங்குவதில்லை. கேட்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள்! ஆனால் ஊரெல்லாம் செய்து பார்த்தபோது, சந்தேகமே இல்லாத மனச்சோர்வு நோயாளிகளில் பாதிப் பேருக்கு நார்மல் என்று வந்தது. குடியை நிறுத்தியவர், மறதி நோய்க்காரர், பட்டினியில் எடை குறைந்தவர் எனப் பலருக்கும் ‘மனச்சோர்வு’ என்று வந்தது. பத்துப் பதினைந்து வருடத்தில் அது வார்டிலிருந்து பாடப்புத்தகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் காலை நேரக் கார்ட்டிசால் இதைவிடவும் சொல்வது குறைவு. கார்ட்டிசால் விடியற்காலையில் ஏறி, பொழுது போகப் போக இறங்குகிற சரக்கு. எட்டு மணிக்கு எடுத்தால் ஒரு எண், பதினோரு மணிக்கு எடுத்தால் வேறொரு எண். புது ஆள் ஊசியோடு வாசலில் நின்ற பதற்றத்துக்கே கொஞ்சம் ஏறும்.

மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் ரசாயனமான செரட்டோனின் நார்மல் என்று வந்ததைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். உடம்பில் உள்ள செரட்டோனினில் பத்தில் ஒன்பது பங்கு இருப்பது குடலில். அங்கே உண்டாகி ரத்தத்துக்கு வருவதை, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. அது மூளைக்குள் போக வழியில்லை; மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. ஆகக் கையில் ஊசி குத்தி எடுத்தது குடலின் கணக்கு. இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைச் சாப்பிட்டால், தட்டணுக்கள் செரட்டோனினை உறிஞ்சுவது தடைபடும். அதனால் மாத்திரை சாப்பிட்டு நன்றாகத் தேறி, வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் ஆளின் ரத்தத்தில் செரட்டோனின் முன்பைவிடக் குறைவாக இருக்கும்! இதை ஒரு பேக்கேஜில் வைத்துக் காசு வாங்குகிறவர்களை என்ன சொல்ல.

சி.ஆர்.பி. விஷயம் கொஞ்சம் ஆழமானது. உங்கள் தம்பி எங்கோ படித்ததில் உண்மை இருக்கிறது. அவர் அதை இழுத்துக்கொண்டு போன இடம்தான் தவறு.

காய்ச்சல் வந்தால் என்ன ஆகிறது? சாப்பாடு வேண்டாம், பேச்சு வேண்டாம், கம்பளிக்குள் சுருண்டு கிடக்க வேண்டும். அது கிருமி நேரடியாகச் செய்கிற வேலையில்லை. நோயோடு சண்டை போட உடம்பு அனுப்பும் சில புரதங்கள் மூளைக்கு ‘சும்மா கிட’ என்று சொல்கிற சேதி. மனச்சோர்வும் பார்ப்பதற்கு அப்படித்தானே இருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்களுக்குத் தோன்றியது. முன்பு ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு இன்டர்ஃபெரான் ஆல்ஃபா என்ற ஊசி போட்ட காலத்தில், அதைப் போட்டுக்கொண்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அசல் மனச்சோர்வே வந்தது. அதற்கு முன் சாதாரணமாக இருந்தவர்கள் அவர்கள். உடம்பு போடும் இந்தச் சண்டைக்கு அழற்சி என்று பெயர். அழற்சிக்கும் மனசுக்கும் கதவு ஒன்று திறந்திருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

சி.ஆர்.பி. அந்த அழற்சியின் ஒரு அளவுகோல், கல்லீரலில் உண்டாவது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-இல் வந்த கணக்குப்படி, மனச்சோர்வு உள்ள நூறு பேரில் சுமார் 27 பேருக்கு அது 3-க்கு மேல் இருக்கிறது. சாதாரண ஆட்களைவிட இது அதிகம்தான். ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: 73 பேருக்கு இல்லை. அவர்களெல்லாம் நடிக்கிறார்களா?

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்துக்காரர்களைவிட ஊட்டிக்காரர்களிடம் ஸ்வெட்டர் அதிகம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதற்காக மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஸ்வெட்டர் போட்டு நிற்கிற ஒருவரைப் பார்த்து ‘நீங்க ஊட்டிதானே’ என்று சொல்ல முடியுமா? அவர் சென்னையிலிருந்து முதன்முதலாக மலையேற வந்த புது மாப்பிள்ளையாகவும் இருக்கலாம். கும்பலாகப் பார்க்கும்போது தெரிகிற வித்தியாசம், தனி ஆளிடம் போனால் கரைந்துவிடும். செய்தித்தாளில் ‘மனச்சோர்வுக்கு ரத்தப் பரிசோதனை கண்டுபிடிப்பு’ என்று வருவதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கும்பல் கணக்குதான். பி.டி.என்.எஃப். என்று ஒரு புரதத்தைப் பற்றியும் வருடா வருடம் எழுதுகிறார்கள். மூளை நரம்புகளுக்கு உரம் போன்றது அது. மனச்சோர்வில் சராசரியாகக் குறைகிறது, தேறும்போது ஏறுகிறது. ஆனால் ரத்தத்தில் அதுவும் தட்டணுக்குள் அடைந்து கிடப்பது. குழாயில் ரத்தம் எவ்வளவு நேரம் உறைந்தது என்பதைப் பொறுத்தே எண் மாறிவிடும். கோத்தகிரியில் எடுத்த குழாய் பைக்கிலும் பஸ்ஸிலும் கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றிக் கோயம்புத்தூர் போய்ச் சேரும்போது அது எதைச் சொல்லும் என்று நீங்களே யோசியுங்கள்.

5.8 என்பது எதனாலும் ஏறலாம். சொத்தைப் பல், ஈறு வீக்கம், ஒரு வாரத்துக்கு முன் வந்த சளி, கால் வெடிப்பில் சீழ், புகை, தொப்பை. அவர் பீடி, சிகரெட் பிடிப்பாரா? கடைவாய்ப் பல் ஒன்று மாதக்கணக்கில் தொந்தரவு பண்ணுகிறதா? இரண்டு மூன்று வாரம் கழித்து, சளி, காய்ச்சல் இல்லாத நாளில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், போதும். மஞ்சள்தூள் மாத்திரையோ பாட்டில் கஷாயமோ கொடுத்து அந்த எண்ணைக் கீழே இறக்கிவிட்டால் மனசு மேலே வந்துவிடாது. இதையும் ஒரு நல்ல ஆய்வில் செய்து பார்த்திருக்கிறார்கள். மாத்திரைக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 60 பேருக்கு, மூட்டு நோய்க்குப் போடும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற வலுவான அழற்சி மருந்தைக் கொடுத்தார்கள்; 2013-இல் முடிவு வந்தது. மொத்தத்தில் வெறும் சலைன் ஏற்றியதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. சி.ஆர்.பி. 5-க்கு மேல் இருந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்தது. அதனால் ஆராய்ச்சிக் கதவு மூடவில்லை. யாருக்கு எந்த மருந்து பிடிக்கும் என்பதை ரத்தம் பார்த்துச் சொல்லும் காலம் வரலாம். வந்தால் முதல் ஆளாக வாங்கி வைப்பேன். உங்கள் வீட்டுக்காரருக்கு வைத்தியம் வேண்டியது இந்த வாரம்.

வைட்டமின் டி 14 என்பது குறைவுதான். இந்த மேகமூட்டத்தில், பகல் ஷிஃப்டும் ராத்திரி ஷிஃப்டும் ஃபேக்டரிக்குள்ளேயே கழிக்கிறவருக்கு அது குறைந்திருப்பதில் ஆச்சரியமில்லை. எலும்புக்காக டாக்டர் எழுதித் தருவதைச் சாப்பிடட்டும். மனசுக்கென்று எதிர்பார்க்க வேண்டாம். 50 வயதுக்கு மேற்பட்ட 18,000-க்கும் அதிகமான பேருக்கு ஐந்து வருடத்துக்கு மேல் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2020-இல் வந்தது. மனச்சோர்வு வராமல் தடுப்பதில் அதற்கும் வெற்று மாத்திரைக்கும் வேறுபாடு இல்லை.

ஏழாயிரம் ரூபாய் ரிப்போர்ட்டில் எனக்குக் கோபம் வந்த இடம் இன்னும் சொல்லவில்லை. அதில் தைராய்டைக் காட்டும் டி.எஸ்.ஹெச். இல்லை! ஹீமோகுளோபின் இல்லை, சர்க்கரையும் இல்லை. தேவையில்லாததையெல்லாம் எடுத்துவிட்டு, எடுக்க வேண்டியதை விட்டிருக்கிறார்கள்.

தைராய்டு பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. மலைக்கு வந்த புதிதில் ஒரு தப்புச் செய்தேன். ஐம்பது வயதை நெருங்கிய அம்மா ஒருவர். சோர்வு, எதிலும் பிடிப்பில்லை, மந்தமான பேச்சு, தூக்கம் தூக்கமாக வருகிறது. மனச்சோர்வு என்று எழுதி மாத்திரை கொடுத்தேன். நாலு மாதம் மாத்திரையை மாற்றிக்கொண்டும் ஏற்றிக்கொண்டும் இருந்தேன். அவர் தேறவே இல்லை. ‘ரொம்பக் குளிருது டாக்டர்’ என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். டிசம்பர், ஜனவரி ஊட்டியில் யார்தான் அப்படிச் சொல்லவில்லை? நானே இரண்டு ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் வெயில் அடித்தது. அறைக்குள் புழுக்கமாக இருக்கிறது, மப்ளரைக் கழற்றுங்கள் என்றேன். கழற்றினார். கழுத்தில் கோழிமுட்டை அளவுக்கு வீக்கம். டி.எஸ்.ஹெச். எழுபதைத் தாண்டியிருந்தது. நாலைந்துக்குள் இருக்க வேண்டியது அது. தைராக்ஸின் மாத்திரை தொடங்கி மூன்றாம் மாதம், அவரே சமைத்த அவரைக்காய்க் கூட்டை டப்பாவில் எடுத்துக்கொண்டு வந்தார். சமவெளியில் படித்த வைத்தியத்தில் ‘குளிர் தாங்கவில்லை’ என்பது தைராய்டின் அறிகுறி. மலையில் அது ஸ்வெட்டருக்குள் ஒளிந்துகொள்ளும். அன்றிலிருந்து என் அறைக்கு வருகிற யாருக்கும் மப்ளரோ ஸ்கார்ஃபோ இருந்தால் முதலில் கழற்றச் சொல்லிவிடுவேன்.

இதைவிட வெட்கம், நான் உட்கார்ந்திருந்த மலையின் வரலாறு எனக்குத் தெரிந்தே நடந்தது. ஹைதராபாத்தில் இன்று இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில். 1918-இல் ராபர்ட் மெக்காரிசன், பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஒரு அறையை வைத்துக்கொண்டு தொடங்கியது அது; 1958-இல்தான் ஹைதராபாத் போனது. அந்த மெக்காரிசன் அதற்கு முன்பு பெயர் வாங்கியதே காஷ்மீர் பக்கத்துக் கில்கித் மலைக்காரர்களின் கழுத்துக் கழலையை ஆராய்ந்துதான். மலை மண்ணில் அயோடின் மழையோடு கரைந்து போய்விடும், அது குறைந்தால் தைராய்டு வீங்கும் என்பது எங்களுக்கெல்லாம் முதல் வருடப் பாடம்.

ஆக, ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதற்காக எடுக்கிறோம் என்பது தெரிந்து எடுக்க வேண்டும். மனச்சோர்வு போலவே வேஷம் போட்டு வரும் உடல் நோய்கள் சில உண்டு. அவற்றைக் கழித்துக்கட்டத்தான் ரத்தம். உங்கள் வீட்டுக்காரருக்கு டி.எஸ்.ஹெச்., முழு ரத்த எண்ணிக்கை, சர்க்கரை, சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், சோடியம் பார்த்தால் போதும். குடிப்பழக்கம் இருந்தால் கல்லீரலும். பி12 ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. (சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையும், அவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.) இதைப் படிக்கும் கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் வீட்டில் யாராவது எப்போதும் அசதி, மூட்டு வலி என்று கிடந்தால் பரம்பரை ரத்த நோயான சிக்கிள் செல் இருக்கிறதா என்ற பரிசோதனையும் செய்துவிடுங்கள். இந்தியாவில் அந்த நோய் முதன்முதலில் பதிவானதே, 1952-இல், நீலகிரிப் பழங்குடியினரிடம்தான்.

சோடியம் எதற்கென்றால், மனச்சோர்வு மாத்திரைகள் சிலருக்கு, அதிலும் வயதானவர்களுக்கும் பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், அதைக் குறைத்துவிடும். வைத்தியத்தைப் பத்திரமாக நடத்துவதற்கும் ரத்தம் வேண்டும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம்தான் கடிவாளம். கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்து, 0.6-க்கும் 1.0-க்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்போம். அங்கே எண் பேசும், நாங்கள் கேட்போம்.

நோயைக் கண்டுபிடிப்பது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். பதில் உங்கள் வீட்டுக்காரரின் தொழிலிலேயே இருக்கிறது. நான் ஒருமுறை ஃபேக்டரி ஒன்றில் ராத்திரி ஷிஃப்ட்டைப் பார்க்கப் போனேன். அரைத்த இலை பச்சை வாடை போய்ச் செம்பு நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. டீமேக்கர் ஒரு கைப்பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோய், ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’ என்றார். சுவரில் தெர்மாமீட்டர் இருந்தது. அதை அவர் பார்க்காமலும் இல்லை. அதைக் கேட்டு முடிவெடுக்கவும் இல்லை. குன்னூர் ஏலத்துக்குப் போகும் தூளையும் வரிசையாக வைத்த வெள்ளைக் கோப்பைகளில் ஊற்றி, சர்ரென்று உறிஞ்சித் துப்பித்தான் ரகம் பிரிக்கிறார்கள். அது பழகிய நாக்கு. எங்களுடையது பழகிய காது. ஒன்பது அறிகுறிகள் வைத்திருக்கிறோம்: மனம் தாழ்ந்து கிடப்பது, எதிலும் நாட்டமில்லாமை, பசி அல்லது எடை மாறுதல், தூக்கக் கேடு, உடல் மந்தம் அல்லது பரபரப்பு, அசதி, தன்னைக் குற்றவாளியாகவோ உதவாதவனாகவோ நினைப்பது, கவனமின்மை, சாவு பற்றிய நினைப்பு. முதல் இரண்டில் ஒன்றாவது இருந்து, மொத்தம் ஐந்து, இரண்டு வாரத்துக்குக் குறையாமல், அன்றாடத்தைக் குலைக்கும் அளவுக்கு இருந்தால் மனச்சோர்வு. ஒன்பதில் ஐந்தையோ அதற்கு மேலோ இப்படிச் சேர்த்தால் 227 விதமாக வரும். ஒரே பெயர் வைத்த நோய்க்குள் இத்தனை முகம் இருக்கும்போது ஒரே ரத்த அடையாளம் எப்படிக் கிடைக்கும்?

நேரில் பார்க்காமல் நான் முடிவு சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதிய பத்து வரியில் மூணு மணி விழிப்பு, பாதிச் சாப்பாடு, இலையில் பிடிப்பின்மை, ‘நான்தான் சரியில்ல’, ‘நான் இல்லாட்டி’ என்று ஐந்து கண்ணில் படுகின்றன. பெல்ட்டில் போட்ட புது ஓட்டை எனக்கு அந்த ரிப்போர்ட்டில் உள்ள எண்களைவிட அதிகம் சொல்கிறது.

வாசனை விஷயத்தில் மட்டும் அவரிடம் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள். வாசனை தெரியவே இல்லையா, தெரிந்தும் அதில் சுகமில்லையா? கண்ணைக் கட்டி மல்லித்தழையையும் காப்பித்தூளையும் மூக்கருகே காட்டினால் சொல்கிறாரா? சொல்ல முடியவில்லை என்றால் மூக்கையும் பார்க்க வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு வாசனை திரும்பாதவர்கள் இருக்கிறார்கள், டீமேக்கருக்கு அது வயிற்றுப்பாடு. சரியாகச் சொல்லிவிட்டு, ‘தெரியுது, ஆனா ஒண்ணும் தோணல’ என்றால் அதுதான் நாட்டமின்மை. பிறந்ததிலிருந்து மோந்து மோந்து பழகிய மூக்கு அப்படியே இருக்கிறது. அதற்குப் பின்னால் இருந்து ‘ஆகா’ என்று சொன்ன ஆள்தான் படுத்துவிட்டான்.

அடுத்த பத்தியை உங்கள் மாமியாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பெரியம்மா, ஒற்றைத் தலைவலிக்கும் ரத்தத்தில் ஒன்றும் தெரியாது. வலிப்பு நோய்க்காரருக்கும் வலிப்பு இல்லாத நாளில் ரத்தம் சுத்தமாக இருக்கும். அவர்களை யாரும் நடிக்கிறார்கள் என்று சொல்வதில்லை. நடிக்கிறவன் ராத்திரி மூணு மணிக்கு, யாரும் பார்க்காத நேரத்தில், எழுந்து உட்கார்ந்து நடிக்க மாட்டான். உங்கள் மகன் இத்தனை வருஷம் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர். உடம்பு வணங்காதவர் அந்த வேலையில் ஒரு மாதம் தாங்க மாட்டார். ‘எந்திரிச்சு வெளிய போ’ என்று சொல்வதை ஒரு இரண்டு மாதத்துக்கு நிறுத்திவையுங்கள். அவர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருங்கள், பேச வேண்டாம்.

உங்களுக்கு, சகோதரி: அவர் ‘எனக்கு நோயில்ல, நான்தான் சரியில்ல’ என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நார்மல் என்று ஒரு காகிதம் வந்தால் எல்லோரும் நிம்மதியாகிறார்கள். இந்த நோயில் அதுவே ஆளைக் குத்தும். தன்மேலேயே பழி போட்டுக்கொள்வது இந்த நோயின் குணம். அதன் கையில் அந்தக் காகிதம் சாட்சியாகப் போய்விட்டது. ‘ரிப்போர்ட் நார்மல்னா தைராய்டு மாதிரி வேற நோய் இல்லைன்னுதான் அர்த்தம், இது இல்லைன்னு அர்த்தமில்லை, டாக்டர் எழுதியிருக்காங்க’ என்று அவரிடம் சொல்லுங்கள். (அந்தத் தைராய்டே இன்னும் பார்க்கவில்லை என்பதை நமக்குள் வைத்துக்கொள்வோம்.)

மாத்திரை என்று ஆனால், முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. வயிற்றைப் புரட்டுவது, கொஞ்சம் படபடப்பு என்று தொந்தரவு மட்டும் முன்னால் வந்து நிற்கும். நாலாம் வாரத்திலிருந்து தூக்கமும் பசியும் திரும்பும், மனசு அதற்குப் பின்னால்தான் வரும். முதல் மாத்திரையிலேயே முழுதாகத் தேறுகிறவர்கள் மூன்றில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு மாற்ற வேண்டும் அல்லது கூட்ட வேண்டும். அதனால் ஒரு மாதத்தில் ‘இது கேக்கல’ என்று நிறுத்திவிடாதீர்கள். தேறிய பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும். பேச்சு சிகிச்சையும் உண்டு, இதே அளவுக்குப் பலன் தருவது. ஆனால் எடை இப்படி இறங்கி, சாவுப் பேச்சும் வந்துவிட்டவருக்கு அதை மட்டும் நம்பி நான் விடமாட்டேன். முன்பு எப்போதாவது நாள்கணக்கில் தூங்காமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தில், கண்டபடி செலவு செய்து திரிந்தது உண்டா என்று டாக்டர் கேட்பார். இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையே வேறாகிவிடும்.

இன்னொரு பேக்கேஜ் எதுவும் கட்ட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். அவர் பாசத்தில் செய்ததுதான். அடுத்த தடவை அந்தக் காசைப் பஸ்ஸுக்கும் மாத்திரைக்கும் அனுப்பட்டும். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவரைப் பார்க்கவும் மாத்திரை வாங்கவும் காசு கேட்க மாட்டார்கள். நான் எழுதிய பரிசோதனைகளையும் அங்கேயே கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டையும், வீட்டில் அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம், மூன்று மாதச் சராசரி பார்க்கும் ஹெச்.பி.ஏ1சி எடுத்தால் சாப்பிட்டுவிட்டே வரலாம். இரண்டு இட்லியாவது உள்ளே இறங்கிய பிறகு கிளம்புங்கள். ஏற்கெனவே இளைத்திருக்கும் ஆள், அந்த வளைவுகளில் வெறும் வயிற்றோடு வர வேண்டாம். ஜன்னலோர சீட்டில் அவரை உட்கார வையுங்கள்.